கோழிக்குஞ்சுக்கு முதல் தீனி: எப்போது, எப்படி?

நாட்டுக்கோழி வளர்க்கத் தொடங்குபவர்கள் பலரும் குஞ்சு பொரித்த உடனே நொய்யை அள்ளி இறைத்துவிடுகிறார்கள். அவ்வளவு அவசரம் தேவையில்லை. முட்டையை உடைத்து வெளிவருவதற்குச் சற்று முன் மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடுகிறது. அந்தச் சத்து இரண்டு நாள் வரை தாங்கும். முதல் குஞ்சு வந்த பிறகும் அடைகோழி மற்ற முட்டைகளின் மேல் அமர்ந்திருக்க முடிவது இதனால்தான். அதற்காகக் குஞ்சைப் பட்டினி போடவும் கூடாது. மேல் ஈரம் உலர்ந்து, எழுந்து நடந்து, தரையைக் கொத்தத் தொடங்கியதும் வேலையை ஆரம்பியுங்கள்.

1. முதலில் சூடு
குளிரில் நடுங்கும் குஞ்சு தீனியைத் தொடாது. தாய்க்கோழி இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் குண்டு பல்பு போட்டு, முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு இருக்கச் செய்யுங்கள். பல்புக்கு அடியில் முண்டியடித்தால் குளிர்கிறது. விலகிப் போய் வாயைப் பிளந்தால் சூடு அதிகம்.

2. பிறகு தண்ணீர்
கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரை ஆழமில்லாத தட்டில் ஊற்றி, அதில் கூழாங்கற்களைப் போடுங்கள். என் முதல் ஈட்டில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து இரண்டு குஞ்சுகளைப் பறிகொடுத்தேன். கற்கள் இருந்தால் அலகு மட்டும்தான் நனையும். தாய் இல்லாத குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அலகின் நுனியை ஒருமுறை தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள். வெகுதூரம் பயணம் செய்து வந்தவை என்றால் முதல் சில மணி நேரத்துக்குச் சிறிது வெல்லம் கரைத்துக் கொடுக்கலாம்.

3. அதன் பின் தீனி
எல்லாம் தண்ணீர் குடித்ததும் கோணிச் சாக்கை விரித்து, அதன் மேல் தீனியைத் தூவுங்கள். வழவழப்பான தாளில் குஞ்சின் கால்கள் வழுக்கி விரிந்துவிடும். கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனமே நல்லது; அதில் புரதம் 20 சதவீதம் அளவுக்கு இருக்கும். முட்டைக்கோழித் தீவனத்தைக் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வீட்டில் கலப்பதானால் நொய்யும் உடைத்த கம்பும் மட்டும் போதாது. குஞ்சு வயிறு நிறைந்தும் வளராமல் நிற்கும். கடலைப் புண்ணாக்குத் தூளும் உப்பில்லாத கருவாட்டுத் தூளும் சேருங்கள். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கைத் தயங்காமல் தூக்கி எறியுங்கள்.

முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகத் தூவலாம். பிறகு தட்டுக்கு மாறி, நாளுக்கு நான்கு முறை வையுங்கள். முதல் வாரம் ஒரு குஞ்சுக்கு நாளைக்கு ஏறத்தாழ 10 கிராம் ஆகும். தாய்க்கோழி குஞ்சுத் தீனியைத் தின்று தீர்த்தால், கோழியை மூடி வைக்கும் கூடையான பஞ்சாரத்தை மூன்று செங்கல்லின் மேல் வைத்து அதற்குள் தீனியை வையுங்கள். குஞ்சுகள் நுழையும், தாய் வெளியே நிற்கும்.

4. மாலையில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள்
அளவைவிட இதையே நான் நம்புகிறேன். இருட்டும் நேரத்தில் குஞ்சின் கழுத்துக்குக் கீழே, தின்ற தீனி முதலில் தங்கும் பையை விரலால் மெல்லத் தடவுங்கள். மெத்தென்று நிறைந்திருந்தால் சரி. கெட்டியாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. ஒன்றுமே இல்லையென்றால் அந்தக் குஞ்சு தின்னவில்லை. அதைத் தனியே வைத்துத் தீனி காட்டுங்கள்.

5. இரண்டாம் வாரம் முதல் கரையான்
பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு ஆகியவற்றைத் திணித்துத் தண்ணீர் தெளியுங்கள். மாலையில் கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். இதைப் போன்ற இலவசப் புரதம் வேறில்லை. பூச்சிமருந்து அடித்த நிலத்தில் மட்டும் பானை வைக்காதீர்கள். இந்த வயதில் பொடியாக நறுக்கிய முருங்கைக் கீரையும் சிறிதளவு கொடுக்கலாம். தானியமும் கீரையும் தின்னும் குஞ்சுக்கு அரைத்துச் செரிக்கக் கொஞ்சம் பொடி மணலும் வேண்டும்.

எட்டாவது வாரத்தில் வளர்கோழித் தீவனத்துக்கு மாறுங்கள். ஒரே நாளில் மாற்றாமல், பழையதோடு புதியதைக் கலந்து நான்கைந்து நாளில் மாற்றினால் கழிச்சல் வராது.