இல்லாத கோப்பைத் தேடியே நேரம் போனது

தேவைப்படும்போது மட்டும் தரவை இறக்கும்படி கன்டெய்னர் இமேஜை (நிரலும் அது ஓடத் தேவையான கோப்புகளும் அடங்கிய பொதி) ஃபியூஸ் வழியாக மவுன்ட் செய்திருந்தேன், அதாவது கோப்பகமாக இணைத்திருந்தேன். ஃபியூஸில், கோப்பு பற்றிய கேள்விகளைக் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) டீமன் என்ற பின்னணி நிரலிடம் கேட்டுப் பதில் சொல்லும். மவுன்ட் ஆவது நொடியில் முடிந்துவிடும். உள்ளே பைத்தான் நிரல் எழுந்திருக்கத்தான் வெகு நேரம் பிடித்தது. நெட்வொர்க்கைத்தான் முதலில் திட்டினேன்.

எஸ்ட்ரேஸ் (நிரல் கர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் கருவி) போட்டதும் குட்டு வெளிப்பட்டது. ஒவ்வொரு இம்போர்ட்டுக்கும் பைத்தான் பல பாதைகளில் தேடுகிறது. பெரும்பாலும் 'அப்படிக் கோப்பே இல்லை' என்ற பதில்தான். ஃபியூஸுக்கான நூலகமான லிப்ஃபியூஸில் நெகட்டிவ் டைம்அவுட்டின் ('இல்லை' என்ற பதிலை நினைவில் வைக்கும் நேரம்) இயல்பு மதிப்பு 0. அதாவது 'இல்லை' என்பதைக் கர்னல் நினைவில் வைக்காது. அதே கேள்விக்கு மறுபடியும் டீமனைத்தான் எழுப்பும். என்ட்ரி (கோப்பின் பெயர்), ஆட்ரிபியூட் (அளவு, அனுமதி போன்ற விவரங்கள்) டைம்அவுட்களோ வெறும் 1 நொடி.

இமேஜ் மாறவே மாறாதே! மூன்றையும் 3600 நொடி ஆக்கினேன். தொடக்கம் சட்டென்று வேகமெடுத்தது. (எழுதக்கூடிய மவுன்ட்டில் இதைச் செய்யாதீர்கள்.)

ஈரோஃப்ஸுக்கே (கர்னலுக்குள்ளேயே இயங்கும், படிக்க மட்டுமான கோப்பு முறைமை) மாறியிருக்கலாமே என்று தோன்றும். எஃப்எஸ்கேஷோடு (கர்னலின் கோப்புக் கேஷ் வசதி) சேர்ந்து தேவைக்கேற்ப இறக்கும் வசதி அதற்கு லினக்ஸ் 5.19-இல் வந்தது; பின்னர் அது கைவிடப்படும் வசதியாக அறிவிக்கப்பட்டது. கேஷில் இருப்பதைக் கர்னலே படித்துவிடும், டீமன் பக்கமே போகாது. ஆனால் எங்கள் சர்வர்களில் பழைய கர்னல். அதோடு, ஃபியூஸ் டீமன் செத்தால் அந்த மவுன்ட்தான் போகும். கர்னலுக்குள் பிழை வந்தால் இயந்திரமே விழலாம். சரி, இப்போதைக்கு ஃபியூஸே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.