பட்டாளத்தில் இருந்த அப்பாவின் போர் நினைவுகளை எழுதி வைக்கும் முறை

பாகிஸ்தானுடன் நடந்த 1965, 1971 போர்களில் பணியாற்றிய தந்தையர் அனைவரும் இன்று எழுபது வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்களிடம் போய், "போரில் என்ன நடந்தது?" என்று நேரடியாகக் கேட்டால், "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஆகவே கேள்விகளை ஒதுக்கிவிட்டு, முதலில் பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியை அவர் முன்னிலையில் இறக்கித் திறவுங்கள்.

பெட்டியில் முதலில் தேட வேண்டியது, படையிலிருந்து விலகும்போது கொடுக்கப்படும் டிஸ்சார்ஜ் புத்தகம். படை எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பெற்ற பதக்கங்கள் ஆகியவை அதில் பதிவாகியிருக்கும். அது தொலைந்திருந்தால், ஓய்வூதிய ஆணையில் உள்ள எண்ணைக் கொண்டு அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரியில் உள்ள வெலிங்டனிலும், பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரிலும் உள்ளது.

அடுத்து பதக்கங்கள். 1965-க்குச் சமர் சேவா ஸ்டார், ரக்ஷா பதக்கம். 1971-க்குக் கிழக்கு முனையில் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் பஸ்சிமி ஸ்டார், இவற்றோடு சங்கிராம் பதக்கம். எங்கள் அப்பா கிழக்கு முனையில் இருந்தார் என்பதே அவருடைய பூர்வி ஸ்டாரைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. பதக்கத்தின் விளிம்பிலோ பின்புறத்திலோ படை எண்ணும் பெயரும் சிறிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும் என்பதால், எக்காரணம் கொண்டும் அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பள்ளிப் பருவத்தில் நான் ஆசையாகத் தேய்த்து வைத்த பதக்கத்தில், எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை இன்று வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடிகிறது. அதை நினைக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

அவர் எழுதிய கடிதங்களில் ஊர்ப்பெயர் இருக்காது. 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலக முகவரி மட்டுமே இருக்கும். ஆனாலும் முத்திரையில் உள்ள தேதியைப் படித்து, கடிதங்களை வரிசையாக அடுக்கிவிட்டால், எந்த மாதங்களில் கடிதமே வரவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும். பேச்சை அந்த இடைவெளியிலிருந்து தொடங்குங்கள்.

பேசும்போது பெரிய நிகழ்ச்சிகளைவிடச் சின்ன விஷயங்களைக் கேளுங்கள்: ரயிலில் எத்தனை நாள் பயணம், இரவில் எங்கே படுத்தீர்கள், குளிருக்கு என்ன கொடுத்தார்கள், பக்கத்தில் தமிழ் பேசுகிறவர் யாராவது இருந்தாரா? "மூணு நாள் ரயில். எங்க போறோம்னு யாருக்கும் தெரியாது. இறங்கினா சேறு" என்று எங்கள் அப்பா ஒரு மாலையில் தானாகவே சொன்னார், முப்பது ஆண்டுகளில் அவர் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடியே, லங்கர் (சமையற்கூடம்), பங்கர் (பதுங்குகுழி), பிட்டு (முதுகுப் பை) என்று அவர் வாயில் வரும் பட்டாளச் சொற்களோடு, அன்றைக்கே எழுதிவிடுங்கள். கைபேசியில் பதிவு செய்வதாக இருந்தால் அவருடைய சம்மதம் பெற்றுச் செய்யுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். அவர் பேச்சை நிறுத்திக்கொண்ட இடத்தில் தேதியை மட்டும் எழுதி வரியை வெறுமையாக விடுங்கள். படித்ததையும் கேட்டதையும் கொண்டு அதை நிரப்புவது அவருக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

இறுதியாக, பெரும்பாலோர் மறந்துவிடும் வேலை ஒன்று உண்டு. அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். 1971 டிசம்பர் 3 முதல் 16 வரை, வானொலிச் செய்திக்காக யார் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தார், தந்திக்காரர் தெருவில் திரும்பியபோது என்ன செய்தார், போர் நின்று எத்தனை நாள் கழித்து அப்பாவின் முதல் கடிதம் வந்தது என்பதையெல்லாம் அவர்தான் சொல்ல முடியும். அந்தக் கடிதம் டிரங்குப் பெட்டியில் இல்லையென்றால், அவருடைய பழைய பட்டுச்சேலையின் மடிப்புக்குள் பார்க்கச் சொல்லுங்கள்.