எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு தசை கரையாமல் இருக்க

ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது), பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பது) ஆகிய எடை குறைப்பு அறுவை சிகிச்சைகளைச் செய்துகொண்டவர்கள் முதல் சில மாதங்கள் எடை மெஷினையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். குறைகிற கிலோவில் கொழுப்போடு தசையும் போகிறது என்பதை மெஷின் காட்டாது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்றும் பாருங்கள்.

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு, 'லேசான சாப்பாடு' என்று கஞ்சியும் ரசம் சாதமும் இட்லியும் மட்டுமே கொடுப்பது. அன்போடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். மிஞ்சிய இடத்தைச் சாதம் அடைத்துக்கொண்டால் புரதத்துக்கு இடம் ஏது? நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். பலருக்கு அதற்கு மேலும் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. அதனால் முட்டை, மீன், பனீர், கெட்டித் தயிர், மசித்த பருப்பு என்று புரதம் முதலில், காய் அடுத்து, சாதம் கடைசியில். பருப்பை விட்டுவிட்டு மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் குடிப்பதைப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

'வயிறு சின்னதாகிவிட்டது, இனி புரதம் செரிக்காது' என்று பயந்து ஒதுக்குவது அடுத்த தவறு. இரைப்பை அமிலமும் பெப்சின் என்ற நொதியும் புரதச் செரிமானத்தைத் தொடங்கிவைக்கின்றன, அவ்வளவுதான். பெரும்பகுதி வேலை சிறுகுடலில், கணைய நீரால் நடக்கிறது. பைபாஸில் உணவு அந்த நீரோடு கலப்பது இன்னும் கீழே தள்ளிப்போகிறது. ஆகவே கூழாகும்வரை மென்று, மெதுவாகச் சாப்பிட வேண்டும். மறுபடி சூடாக்கி வறண்டுபோன சிக்கன் நெஞ்சில் அடைத்தால் அது அந்தப் பக்குவத்தின் கோளாறு. குழம்பில் வெந்த மீனை முயன்று பாருங்கள்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள். முடித்து அரைமணி நேரம் போகட்டும்.

புரோட்டீன் பவுடர் குடித்ததும் வயிறு உப்பி, பேதியானால் அதிலுள்ள லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை காரணமாக இருக்கலாம். லாக்டோஸ் பெரும்பாலும் நீக்கப்பட்ட பால் புரதமான வே ஐசோலேட் அல்லது சோயா பவுடருக்கு மாறலாம். கொலாஜன் பவுடரை மட்டும் நம்பாதீர்கள். அதில் டிரிப்டோபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் கிடையாது.

சரி, புரதம் போய்ச் சேர்ந்தால் போதுமா? தசைக்கு வேலையும் வேண்டும். நடைப்பயிற்சி நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. அறுவை மருத்துவர் அனுமதித்த பிறகு ரப்பர் பேண்ட், சிறிய டம்பெல் என்று தொடங்குங்கள்.

சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். வாந்தி நிற்காவிட்டாலோ கால் வீங்கினாலோ அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.