இலங்கைச் சுற்றுலா: திகதி குறிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வழிகாட்டியாக இறங்கும் தம்பிமாரும், தாங்களே பயணம் போடும் குடும்பங்களும் தங்கள் திட்டத்தை எனக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்வார்கள். ஆள் மாறுகிறது, தவறு மட்டும் மாறுவதில்லை. தொப்பி, தண்ணீர்ப் போத்தல், கொசு மருந்து எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, காசையும் லீவையும் கரைக்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தீவு முழுவதற்கும் ஒரே சீசன் என்று நம்புவது

பெரிய தவறு இதுதான். இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவதும் இதுதான். "டிசம்பரில் இலங்கை நல்லா இருக்குமாம்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு திருகோணமலையில் அறை போட்டுவிடுவார்கள். டிசம்பரில் நன்றாக இருப்பது தெற்குக் கரையில் காலி, உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம். கிழக்குக் கரையில் இருக்கும் திருகோணமலைக்கு அது அடைமழைக் காலம்.

தீவின் நடுவில் மலை நிற்கிறது. அதில் உயரமான பிதுருதலாகலை 2524 மீட்டர். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று, கொண்டு வந்த மழையை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. ஹட்டனுக்குப் பக்கத்து வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வது அதனால்தான். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதே காற்றில் ஈரமே இருக்காது. மட்டக்களப்பில் அதைக் கச்சான் என்பார்கள். முகத்தில் அடித்தால் சுடும். மார்கழி, தையில் எல்லாம் தலைகீழ். வாடைக்காற்று வந்து கிழக்கையும் வடக்கையும் நனைக்க, தெற்குக் கடற்கரை வெயிலில் காயும். இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பரில் எந்தப் பக்கமும் பின்னேரம் இடியும் மழையும் வரலாம். வங்காள விரிகுடாவில் புயல் கிளம்பும் காலமும் அதுதான்.

நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களைப் பாருங்கள். மேற்குக் கடல் குமுறத் தொடங்கியதும் பலர் படகோடு கிழக்கே போய், கரையில் வாடி என்கிற தற்காலிகக் குடில் அடித்துத் தொழில் செய்வார்கள். காற்று மாறியதும் திரும்பிவிடுவார்கள். எந்த மாதம் எந்தக் கரையில் நிற்க வேண்டும் என்று கேட்டால் நான் அவர்களைத்தான் காட்டுவேன்.

ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பிள்ளைகளின் டிசம்பர் அரையாண்டு விடுமுறைக்குத் திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில் நான்கு இரவு அறை போட்டிருந்தார்கள். கட்டிய காசு திரும்பக் கிடைக்காது. பாதி விலைக்குக் கிடைத்தது என்று அவர்களுக்குச் சந்தோஷம். பாதி விலைக்கு ஏன் தருகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. புறாத்தீவைச் சுற்றி நீந்திப் பவளப்பாறை பார்க்கலாம் என்று பிள்ளைகள் இருவரும் நீச்சல் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் புதிதாக வாங்கி வந்திருந்தார்கள். போய் இறங்கினால் கடல் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது. படகுகளை எல்லாம் கரையில் மேலே ஏற்றிக் கவிழ்த்து, தறப்பாள் போர்த்திக் கட்டிவிட்டார்கள். நாளைக்காவது படகு போகுமா என்று அந்த அப்பா விடுதிப் பையனிடம் கேட்டார். "சித்திரைக்குப் பிறகு வாங்கோ அண்ணன்" என்றான் அவன். துவைத்த துணிகூடக் காயவில்லை. சின்னவள் அந்தக் கண்ணாடியை அறைக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்தாள்.

அறையை விற்றவருக்கு இது தெரியாமல் இல்லை. சித்திரையில் எடுத்த நீலக்கடல் படத்தை மார்கழியிலும் போட்டு விற்பதை என்னால் பொறுக்கவே முடிவதில்லை. பிள்ளைகளோடு வருகிற சனத்தின் ஒரு வருடச் சேமிப்பு அது.

மிரிஸ்ஸவிலும் இதே கதை நடக்கும், மாதம்தான் வேறு. அங்கே திமிங்கலம் பார்க்கும் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஜூலையில் போனால் கடல் கொந்தளிக்கும், போன படகிலும் பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். ஜூலையில்தான் லீவு என்றால் திருகோணமலைக்குப் போங்கள், அங்கேயும் திமிங்கலம் வரும். நிலாவெளியும் பாசிக்குடாவும் அப்போதுதான் அமைதியாக இருக்கும். அறுகம்பையில் அலைச்சறுக்கு களைகட்டியிருக்கும். மின்னேரியக் குளத்தில் தண்ணீர் வற்றி, புல் முளைத்த படுகைக்கு யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்குவதும் ஓகஸ்ட், செப்டம்பரில்தான். குளம் வற்றாத ஆண்டில் அவை பக்கத்துக் கவுடுல்லக் காட்டுக்குப் போய்விடும். அதனால் ஜீப் பேசும் முன் இன்று யானை எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்.

மலைநாட்டையும் ஒன்றாக எண்ண வேண்டாம். ஜூலையில் ஹட்டனும் நுவரெலியாவும் நனையும்போது எல்லவிலும் பதுளையிலும் வெயில் அடிக்கும். சிவனொளிபாதமலை ஏறுவதென்றால் மார்கழிப் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரைதான் காலம். மற்ற மாதங்களில் படிகளில் விளக்கு இல்லை, தேத்தண்ணிக் கடை இல்லை, மழையும் அட்டையும்தான்.

கிலோமீட்டரைப் பார்த்து நேரம் போடுவது

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 80 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள். வளைவுக்கு வளைவு பஸ், லொறி, முச்சக்கரவண்டி என்று வந்துகொண்டே இருக்கும். கொழும்பிலிருந்து காலிக்கு அதிவேகப் பாதையில் பறந்துவிட்டு, அதே கணக்கை மலையிலும் போடுவதால்தான் சூரியன் மறையும்போது எல்லவுக்குப் பதிலாக வெலிமடையில் நிற்கிறார்கள். ஐந்து நாளில் சீகிரியா, கண்டி, நுவரெலியா, யால, காலி, திருகோணமலை என்று வருகிற திட்டங்களில் நான் முதலில் இரண்டு ஊரை அடித்துவிடுவேன். கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

மலைநாட்டு ரயிலில் அன்றைக்கே ஆசனம் தேடுவது

கிடைக்காது. முற்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும்.

ஹோர்ட்டன் சமவெளிக்கு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்வது

அங்கே உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறையின் விளிம்பில் அதற்குள் மூடுபனி ஏறிவிடும். ஆறு மணிக்கே வாசலில் நில்லுங்கள்.

யாலவுக்குச் சிறுத்தைக்காக மட்டும் போவது

ஒரு சிறுத்தை தெரிந்தது என்று தொலைபேசியில் சேதி போனால், காட்டுக்குள் நிற்கிற ஜீப் எல்லாம் அங்கே ஓடி வரும். தூசியும் இரைச்சலுமாக, மரக்கிளையில் தொங்கும் ஒரு வாலைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். புறப்படும்போதே சாரதியிடம் சொல்லிவிடுங்கள்: துரத்த வேண்டாம், ஒரு குளக்கரையில் எஞ்சினை நிறுத்திவிட்டு அரை மணித்தியாலம் இருப்போம். கரடி, முதலை, மயில், எருமை என்று காடு தானாக வரும். யாலவின் முதலாம் வலயத்தை வறட்சி காரணமாக வழக்கமாக செப்டம்பரில் மூடி ஒக்டோபர் நடுப்பகுதியில் திறப்பார்கள். அதைப் பார்க்காமல் யாலவுக்குப் பக்கத்து ஊரான திஸ்ஸமஹாராமவில் அறை போடாதீர்கள். யானைதான் வேண்டும் என்றால் யாலவே தேவையில்லை, உடவளவையில் வருடம் முழுக்கப் பார்க்கலாம்.

புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது

வேண்டாம்.

பொலன்னறுவையை ஒரு மணித்தியாலத்தில் முடிப்பது

காலையில் சீகிரியாவின் 1200 படிகளை ஏறி இறங்கியதும் கால் சோர்ந்துவிடும். அப்புறம் பொலன்னறுவைக்கு வந்து, கல்விகாரையில் படுத்திருக்கும் புத்தரை மட்டும் பார்த்துவிட்டு வேனில் ஏறிவிடுவார்கள். இரண்டையும் ஒரே நாளில் போடாதீர்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் கட்டாயம் நிற்க வேண்டிய இடம் பொலன்னறுவையில் ஒன்று இருக்கிறது. பலகையில் இரண்டாம் சிவாலயம் என்று எண் மட்டும் போட்டிருப்பார்கள். பெயர் வானவன்மாதேவி ஈச்சரம். 11ஆம் நூற்றாண்டில் சோழர் எழுப்பிய கோயில். அடி முதல் உச்சி வரை கல்லால் ஆனதால், சுற்றியிருந்த செங்கல் கட்டடங்கள் இடிந்தும் இது நிற்கிறது. சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. நேர்வெயிலில் ஒன்றும் புரியாது, வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் எழுத்தின் பள்ளம் தெரியும். நண்பகலில் போகாதீர்கள், கல்லில் கையை வைத்துத் தேய்க்காதீர்கள்.

விமானத்துக்கு முன் கொழும்பில் அரை நாள் மிஞ்சினால் கடைத்தெருவை விட்டுவிட்டுத் தேசிய நூதனசாலைக்குப் போங்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே 1409ஆம் ஆண்டுத் திகதியோடு நிறுவிய மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். 1911இல் காலியில் கிடைத்தது. தமிழ்ப் பகுதி தெற்கே தெவிநுவரவில் வழிபட்ட தெய்வமான தேனாவரை நாயனாருக்குக் காணிக்கை வைத்ததைச் சொல்கிறது.