போர் தண்ணீர் வீடுகளில் எதைச் சரிசெய்யணும், எதை விட்டுவிடலாம்

சென்னையில் வேளச்சேரி, மடிப்பாக்கம், நங்கநல்லூர், பள்ளிக்கரணை: இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் நான் கீசரும் வாஷிங் மெஷினும் சர்வீஸ் பார்க்கிறேன். போன் வந்தால், கம்பெனி பெயருக்கு முன்னால் நான் கேட்பது போர் தண்ணியா (ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்) மெட்ரோ தண்ணியா (குடிநீர் வாரியத் தண்ணீர்) என்பதைத்தான். போர் என்றால், தண்ணீரைச் சூடாக்கும் காயிலும் டேங்கைக் காக்கும் மெக்னீசியம் ராடும் பையில் ஏறிவிடும்.

"மொத்த வீட்டுக்கும் சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தை எடுக்கும் கருவி) போடணுமா?" என்று கேட்காத வீடு இல்லை. பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். உப்பு படிவது தண்ணீர் சூடாகிற இடத்திலும் காய்கிற இடத்திலும்தான். ஃபிளஷ் டேங்குக்கும் தரை துடைக்கவும் போகிற தண்ணீருக்குக் காசைக் கொட்டுவானேன்? சூடாகிற இடங்களை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

முதலில் அளந்து பாருங்கள். ஆர்ஓ விற்க வருகிறவர் பேனா மாதிரி ஒன்றைத் தண்ணீரில் விட்டு 900, 1200 என்று காட்டிப் பயமுறுத்துவார். அது டிடிஎஸ் மீட்டர். கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். கீசரைக் கெடுக்கும் கடினத்தன்மை கால்சியத்தாலும் மெக்னீசியத்தாலும் வருவது. அதை அந்த மீட்டர் தனியாகச் சொல்லாது. அதற்கென்று சொட்டு மருந்து கிட் இருக்கிறது. கொளத்தூர் பக்கம் மீன் தொட்டி சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள், மீன் வளர்ப்பவர்கள் இதை வைத்திருப்பார்கள். சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்கி, நிறம் மாறும்வரை எண்ண வேண்டும். பெரும்பாலான கிட்களில் ஒரு சொட்டு என்றால் லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500-இன்படி 200 வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம். கிட் வாங்க மனமில்லையா? ஒரு பாட்டிலில் போர் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரைக்குப் பதில் திரிதிரியாக அழுக்கு மிதந்தால் சந்தேகமே வேண்டாம். ஷாம்பூ, டிடர்ஜென்ட் வைத்துப் பார்க்காதீர்கள். அவை எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும்.

சரி, கீசருக்கு வருவோம். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் கார்பனேட்டாகப் பிரிந்து காயிலில் ஒட்டிக்கொள்ளும். கனம் ஏற ஏற, காயிலின் சூடு தண்ணீருக்குப் போக நேரமாகும். படிவுக்கு அடியில் மாட்டிய தண்ணீர் கொதிக்கும்போது சடசடவென்று சத்தம் வரும். சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டால் அந்த மாதமே ஆளைக் கூப்பிடுங்கள். கவனிக்காமல் விட்டால் காயில் தன் சூட்டிலேயே வெடித்து, ஸ்விட்ச் போட்டதும் எம்சிபி (கோளாறு வந்தால் கரண்ட்டைத் தானே நிறுத்தும் ஸ்விட்ச்) விழும். பச்சைத் தண்ணீர் நன்றாக வந்து சுடுதண்ணீர் மட்டும் நூலாக வருகிறதென்றால், வெளியே வரும் பைப்பிலும் அடைப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

பிரித்துக் கழுவுவதை மெக்கானிக் செய்யட்டும், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். எம்சிபி இறங்கியிருக்க வேண்டும், தண்ணீர் ஆறியிருக்க வேண்டும், உள்ளே வரும் வால்வு மூடியிருக்க வேண்டும். கீழ் மூடியைக் கழற்றி வட்டத் தகட்டின் நட்டுகளை எடுத்தால், முதலில் பால் நிறத் தண்ணீர் கொட்டும். பின்னாடியே முட்டை ஓடு மாதிரி சில்லுகள் பக்கெட்டில் விழும். இரும்பு கலந்த தண்ணீராக இருந்தால் சில்லு பழுப்பாக இருக்கும். காயிலை ஸ்க்ரூடிரைவரால் சுரண்ட வந்தால் தடுத்துவிடுங்கள். மேலுறையில் கீறல் விழுந்தால் அங்கிருந்துதான் ஓட்டை ஆரம்பிக்கும். எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையிலேயே கிடைக்கும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டு, மின்சார முனைகள் நனையாமல் காயிலை முக்கி வைத்தால் புசுபுசுவென்று பொங்கும். பொங்குவது அடங்கியதும் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். திரும்ப மாட்டும்போது காஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) புதுசாக இருக்கட்டும்.

காயிலை விட முக்கியமானது மெக்னீசியம் ராடு. டேங்க் அரிக்காமல் இருக்க, தான் அரிபட்டுக் கரைவதுதான் அதன் வேலை. நடுக் கம்பி தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தால் பேரம் பேசாமல் மாற்றுங்கள். டேங்கில் ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போட முடியாது, புது கீசர்தான். சேஃப்டி வால்வின் சின்ன நெம்புகோலையும் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் சொட்டவில்லை என்றால் உப்பு அடைத்துக் கிடக்கிறது. அதை மாற்றும்வரை கீசரைப் போடாதீர்கள், அழுத்தம் வெளியேற வேறு வழி கிடையாது. அப்புறம், சூட்டு அளவைக் கடைசிவரை திருப்பி வைப்பதை விடுங்கள். அதிகச் சூடு, அதிகப் படிவு. 55 டிகிரி குளிக்கத் தாராளம்.

வாஷிங் மெஷினில் இவ்வளவு கதை இல்லை. தண்ணீர் உள்ளே வரும் குழாயைக் கழற்றினால் சின்ன வலை இருக்கும், அதைக் கழுவுங்கள். துணி விறைப்பாக, வெள்ளை வேட்டி சாம்பலாக வந்தால் கால்சியம் டிடர்ஜென்ட்டைத் தின்கிறது. பவுடரைக் கூட்டுவதற்கு முன்னால், பாக்கெட்டில் கடின நீருக்கு என்ன அளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஃப்ரன்ட் லோடில் ஹீட்டர் இருப்பதால், துணி இல்லாமல் நூறு கிராம் எலுமிச்சை உப்பைப் போட்டு அவ்வப்போது ஒரு வெந்நீர் வாஷ் ஓட்டலாம்.

ஷவர் தலையையும் குழாய் முனை வலையையும் அதே கரைசலில் ஒரு மணி நேரம் போட்டால் போதும். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் குரோம் மங்கும். சமையல் மேடை கடப்பா கல்லாகவோ மார்பிளாகவோ இருந்தால் இந்தக் கரைசல் ஒரு சொட்டுகூட விழக் கூடாது. கடப்பாவும் சுண்ணாம்புக் கல்தான், மார்பிளும் அதே வகைதான். உப்பைத் தின்கிற ஆசிட் கல்லையும் தின்னும். கிரானைட் தாங்கும். பாத்ரூம் கழுவும் காட்டமான ஆசிட்டை இந்த வேலைக்கே எடுக்காதீர்கள். எந்த ஆசிட்டையும், எலுமிச்சை உப்பு உட்பட, பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது. கிளம்புவது குளோரின் வாயு, மூடிய பாத்ரூமில் ஆளையே சாய்த்துவிடும்.

சமையலறையில் பருப்பு வேகவில்லை என்று புலம்புவார்கள். கால்சியம் பருப்பைக் கெட்டியாக்கிவிடும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள், குக்கர் அடியில் கறை படியாமல் இருக்கப் போடும் புளித் துண்டையும் மறக்காதீர்கள். தலைக்குச் சீயக்காய், பூந்திக்கொட்டை நல்லது. அவற்றின் நுரை கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகாது.

இவ்வளவுக்குப் பிறகும் அளவு 600-ஐத் தாண்டி நிற்கிறது, வீட்டில் நாலைந்து கீசர் என்றால் சாஃப்ட்னர் யோசிக்கலாம். முடிந்தால் பாத்ரூம் லைனுக்கு மட்டும். உள்ளே இருக்கும் ரெசின் என்கிற சிறு மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ரெசின் நிறைந்ததும் உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். அந்தக் கழிவு மழைநீர்த் தொட்டிக்குள் போகாமல் சாக்கடையில் சேரட்டும். சாஃப்ட்னர் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம். பிபி இருப்பவர்கள் குடிக்கவும் வேண்டாம். நாக்கில் கரிக்கிற தண்ணீரை இது மாற்றாது, அதற்கு ஆர்ஓதான். பைப்பில் காந்தம் சுற்றினால் உப்பு ஓடிவிடும் என்று விற்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். காந்தம் மாட்டிய வீட்டுக் காயிலையும் நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன், அதே சில்லுதான். படிகாரமும் கலங்கலைத்தான் தெளிய வைக்கும், கடினத்தை எடுக்காது.

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமாகிவிட்டதால் உங்கள் கட்டடத்திலும் தொட்டி இருக்கும். பலதில் மண்ணும் இலையும்தான் நிரம்பியிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் அசோசியேஷனில் சொல்லித் தூர் வாரி, ஜல்லியைக் கழுவிப் போடுங்கள். மே மாதம் ஒரு தடவை, பொங்கல் சமயத்தில் ஒரு தடவை சொட்டு எண்ணிப் பார்த்தால், மழைநீர் இறங்கிப் போர் தண்ணீரின் கடினம் குறைந்ததா, அதாவது தொட்டி வேலை செய்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.