மின்வாகனத்தின் முழுக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது எப்படி

புகை வராததால் மின்வாகனத்தால் தீங்கே இல்லை என்பவர்களும், சுரங்கங்களைக் காட்டி அது பெட்ரோல் வண்டியைவிட மோசம் என்பவர்களும் கணக்கைப் பாதியில் நிறுத்தியவர்களே. வாங்க நினைப்பவர் மீதிக் கணக்கைத் தாமே போடலாம். பேட்டரியின் கொள்ளளவு, அதன் வேதியியல் வகை, மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்ற மூன்று விவரங்கள் அதற்குப் போதும்.

முதலில் கரியமில வாயுக் கணக்கைப் போடுங்கள். பேட்டரியைத் தயாரிக்கும்போதே ஒரு கிலோவாட் மணி கொள்ளளவுக்கு 61 முதல் 106 கிலோ வரை வெளியாவதாக ஸ்வீடன் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் 2019இல் மதிப்பிட்டது. 75 கிலோ என்று வைத்துக்கொண்டால், 60 கிலோவாட் மணி பேட்டரியுள்ள கார் ஓடத் தொடங்கும் முன்பே 4,500 கிலோ கடனோடு நிற்கிறது. நூறு கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கும் பெட்ரோல் கார், எண்ணெயை எடுத்துச் சுத்திகரிக்கும் பங்கையும் சேர்த்து, ஏறத்தாழ 17 கிலோ வெளியிடும். மின்காருக்கு அதே தூரத்துக்கு 18 யூனிட் தேவை என்று கொள்வோம். யூனிட்டுக்கு அரைக் கிலோ வெளியிடும் மின்கட்டமைப்பில் அது 9 கிலோ. ஆகவே சுமார் 56,000 கிலோமீட்டரில் கடன் தீரும். காற்றும் நீரும் வெயிலும் தரும் மின்சாரமானால் 30,000 கிலோமீட்டரே போதும். பெரும்பாலும் நிலக்கரி எரியும் இடத்திலோ, யூனிட்டுக்கு 0.9 கிலோ என்றால், ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் தீராது. ஆனால் பேட்டரியைப் பாதியாக்கினால் கடனும் பாதியாகிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். தினமும் நாற்பது கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவர் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும் பேட்டரியைச் சுமந்து திரிவதுதான், என் பார்வையில், இந்தத் துறையின் பெரிய வீண்செலவு. ஒரு காரின் பேட்டரியில் இருபது மின் ஸ்கூட்டர்களுக்கான பேட்டரிகளைச் செய்துவிடலாம்.

அடுத்து வேதியியல் வகையைக் கேளுங்கள். கிலோவில் அளக்க முடியாத மனித விலை இங்கேதான் இருக்கிறது. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை என்றால், உலகக் கோபால்ட்டில் பாதிக்கும் மிக அதிகமாகத் தரும் காங்கோ ஜனநாயகக் குடியரசை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே கொல்வேசிப் பகுதியில் பெரிய இயந்திரச் சுரங்கங்களுக்கு அருகிலேயே கைக்கருவிகளோடு குழி தோண்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடையே குழந்தைகளும் உழைப்பதை ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் 2016இல் ஆவணப்படுத்தியது. நிக்கலுக்கான காடழிப்பும், அதை உருக்க எரியும் நிலக்கரியும் இந்தோனேசியாவின் சுலவேசி, ஹல்மஹேரா தீவுகளின் தலையில் விழுகின்றன. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் கோபால்ட்டும் நிக்கலும் இல்லை. ஓடும் தூரம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை என்பவருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

ஆனால் இந்த இரண்டில் எந்த வகையானாலும் லித்தியம் வேண்டும். சிலியின் அட்டகாமா உப்புப் படுகையில் நிலத்தடி உப்புநீரை இறைத்து, பரந்த குளங்களில் ஓராண்டுக்கும் மேலாக வெயிலில் ஆவியாக்கி அதைப் பிரிக்கிறார்கள். உப்புநீர் குடிக்க உதவாது என்பது நிறுவனங்களின் வாதம்; அதை இறைத்தால் அருகிலுள்ள நன்னீரும் பூநாரைகள் வாழும் காயல்களும் வற்றும் என்பது அங்குள்ள பழங்குடியினரின் அச்சம்.

டயர் தேய்மானத்தை மறக்க வேண்டாம்: கனமான வண்டி கூடுதலாகத் தேய்க்கும், இதற்கும் மருந்து சிறிய பேட்டரிதான்.

கடைசியாக, விற்பவரிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். உலோகங்கள் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தவை? பயன்பாடு முடிந்ததும் பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு யாருடையது? ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் மின்வாகனப் பேட்டரிகளுக்கு 2027 பிப்ரவரி முதல் மின்னணுக் கடவுச்சீட்டு, அதாவது பேட்டரியின் விவரங்களைத் தாங்கும் மின்னணுப் பதிவு, கட்டாயம் என்று சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஆகவே அங்கும் விற்கும் நிறுவனத்திடம் இத்தகைய விவரங்களைக் கேட்பது நியாயமே. இரண்டாம் கேள்வியை இரும்பு பாஸ்பேட் வாங்குபவர் இன்னும் அழுத்திக் கேட்க வேண்டும்: விலையுயர்ந்த உலோகம் அதில் குறைவு என்பதால், மறுசுழற்சி செய்பவருக்கு அதில் கிடைக்கும் லாபமும் குறைவு.