கிராப்பிக்குச் செயற்கை இரை: நிறத்தைத் தேடி எடையைக் கோட்டை விடாதீர்கள்

பிப்ரவரி முடிந்து வெயில் கொஞ்சம் ஏறத் தொடங்கியதும் வட டெக்சஸ் ஏரிகளின் படகுத்துறைகளில் புது முகங்கள் தெரிய ஆரம்பித்துவிடும். அவர்களில் நம் ஊர்க்காரர்களும் இப்போது நிறையப் பேர். கையில் புது ராடு, தோளில் புதுப் பெட்டி, பெட்டி நிறைய கலர் கலராகச் செயற்கை இரை. சாயங்காலம் ஐஸ் பெட்டியைக் காலியாகத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது "இந்த ஏரியில் மீனே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மீன் இருக்கிறது. இரையைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் கோளாறு. வருடா வருடம் அதே கோளாறுகள்தான். நான் பழகிய காலத்தில் செய்தவையும் இவையே. அதனால்தான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

லைசென்ஸ் எடுக்காமல் போவது, முடிச்சை இறுக்காமல் வீசுவது, படகில் தடதடவென்று நடப்பது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவை ஒரே நாளில் தானாகப் புரிந்துவிடும்.

கிராப்பி வட அமெரிக்காவின் நன்னீர் மீன். லார்ஜ்மவுத் பாஸ், புளூகில் ஆகியவற்றின் குடும்பம். வெள்ளை, கருப்பு என்று இரண்டு வகை. முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணினால் வெள்ளையில் பெரும்பாலும் 5 அல்லது 6, கருப்பில் 7 அல்லது 8 இருக்கும். இரை விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். கண்கள் தலையில் மேலாக அமைந்திருப்பதால் மேல்நோக்கிப் பார்த்து, மேலேறி வந்து தின்னும். கீழே போய்க்கொண்டிருப்பதைத் துரத்திக்கொண்டு அதிகம் இறங்காது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நிறத்தை வாங்கிவிட்டு எடையை மறப்பது

எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். காசும் போகிறது, கிராப்பி கரையோரம் வருகிற அந்தச் சில வாரங்களும் போகின்றன.

மீன்பிடிப் பொருள் விற்கும் கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்க சாஃப்ட் பிளாஸ்டிக், அதாவது மெத்தென்ற பிளாஸ்டிக் இரை, பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒவ்வொன்றிலும் வேறு மினுக்கு. புதிதாக வருகிறவர் அங்கே நின்று இருபது நிறம் பொறுக்குவார். அந்தப் பிளாஸ்டிக்கை மாட்டுகிற ஜிக் ஹெட், அதாவது தூண்டில் முள்ளோடு சேர்த்து வார்த்த ஈயத் தலை, கடைசி அலமாரியில் கிடக்கும். அதில் கைக்கு வந்த ஒரு பாக்கெட். பெரும்பாலும் 1/8 அவுன்ஸ், ஏனென்றால் அது நன்றாகத் தூரமாகப் போய் விழும். முடிந்தது கதை.

லூயிஸ்வில் ஏரியில் ஒரு வசந்தக் காலையில் பக்கத்தில் நின்ற தம்பி ஒருவர் இப்படித்தான் நிறம் மாற்றி நிறம் மாற்றி வீசிக்கொண்டிருந்தார். எனக்கு அவ்வப்போது மீன் வந்துகொண்டிருந்தது. கடைசியில் கேட்டேவிட்டார்.

"அண்ணா, நீங்க என்ன கலர் போட்டிருக்கீங்க?"

"இப்ப உங்க கையில இருக்கிறதேதான்."

"அப்புறம் எனக்கு மட்டும் ஏன் கடிக்கல?"

"ஜிக் ஹெட் எத்தனை அவுன்ஸ்?"

அவருக்குத் தெரியவில்லை. பெட்டியைக் கிளறி அட்டையை எடுத்துப் பார்த்தார். 1/8. என்னுடையது 1/32. நான்கு மடங்கு வித்தியாசம். அங்கே தண்ணீர் பன்னிரண்டு அடி ஆழம்; அடியில் மூழ்கிக் கிடந்த மரக்கிளைகளுக்கு மேலே, பாதி ஆழத்தில் மீன் நின்றிருந்தது. அவருடைய இரை அந்த இடத்தைக் கண் இமைக்கும் நேரத்தில் தாண்டி அடியில் போய் விழுந்துவிடுகிறது. அங்கிருந்து அவர் இழுப்பதெல்லாம் மீனுக்குக் கீழே. எந்த நிறமாக இருந்தால் என்ன?

சரி என்று என் 1/32ல் ஒன்றைக் கொடுத்தேன். அதிலும் சிக்கல். அவர் வைத்திருந்தது பாஸ் மீனுக்கான விறைப்பான ராடு, 12 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பு. அவ்வளவு லேசான ஜிக்கை அதில் வீசினால் காலடியிலேயே விழுகிறது. வழுக்கித் தக்கை, அதாவது நரம்பில் போட்ட முடிச்சுவரை வழுக்கி நகரும் மிதவை, ஒன்றை மாட்டி, ஐந்தடியில் இரை நிற்கிற மாதிரி முடிச்சு வைத்துக் கொடுத்தேன். தக்கையின் கனத்தில் வீச்சு போனது, இரை நிற்க வேண்டிய உயரத்தில் நின்றது, கொத்தும் வந்தது. எடையை மாற்றினால் கூடவே நரம்பையும் ராடையும் யோசிக்க வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. 4 அல்லது 6 பவுண்டு நரம்பும் வளைந்து கொடுக்கிற லேசான ராடும் இருந்தால் 1/32, 1/16 இரண்டையுமே வசதியாகக் கையாளலாம்.

இரை எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்பது ஈயத்தை மட்டும் பொறுத்ததல்ல. நரம்பு தடித்தால் தண்ணீரில் உரசி இறக்கம் மெதுவாகும். அகன்ற வாலோ சுருள் வாலோ உள்ள பிளாஸ்டிக் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஊசி வால் உள்ளது விறுவிறுவென்று இறங்கும். அதனால் யார் சொல்லும் கணக்கையும் நம்ப வேண்டாம். ஆழம் தெரிந்த இடத்தில், படகுத்துறைப் பக்கமாக இரையை விட்டு, நரம்பு தளரும்வரை மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். உங்கள் நரம்பு, உங்கள் பிளாஸ்டிக், உங்கள் எடை. பத்தடிக்கு எத்தனை எண்ணிக்கை என்று தெரிந்துவிட்டால், வீசியபின் ஐந்து எண்ணி இழுங்கள், அடுத்த வீச்சில் ஏழு, அப்புறம் ஒன்பது. எந்த எண்ணில் கடித்ததோ அதையே திரும்பச் செய்யுங்கள். கிராப்பி கூட்டமாக நிற்கும் மீன். ஒன்று நின்ற உயரத்தில் மற்றவையும் இருக்கும்.

எப்போதும் லேசானதே சரி என்றும் நினைத்துவிடாதீர்கள். காற்று பலமாக அடித்தால் 1/32 அவுன்ஸ் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. நரம்பு வில்லாக வளைந்து இரையை மேலே தூக்கிவிடும். குளிர்காலத்தில் இருபது, முப்பதடி ஆழத்தில் நிற்கும் மீனுக்குப் படகிலிருந்து நேர் கீழாக இறக்கும்போது 1/8 தான் வேண்டும். இங்கே அது பக்கவாட்டில் அலையாமல் நேராக நிற்பதுதான் பயன். ஆழம், காற்று, தண்ணீரின் குளிர் மூன்றையும் பார்த்து எடை. அதற்குப் பிறகுதான் மற்றவை.

பெட்டியில் எடைகள் கலந்துவிட்டால் கண்ணால் பிரிப்பது கஷ்டம். அதனால் எடைக்கு ஒரு தலை நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1/32 வெள்ளை, 1/16 சிவப்பு, 1/8 வண்ணம் பூசாதது. முள்ளையும் பாருங்கள். மெல்லிய கம்பியில் செய்த அபர்டீன் வகை முள்ளாக இருந்தால் கிளையில் மாட்டும்போது மெதுவாக இழுத்தாலே நிமிர்ந்து விடுபடும். கையால் மறுபடி வளைத்துக்கொள்ளலாம். தடித்த முள் என்றால் ஜிக்கும் போகும், நரம்பும் போகும், அந்த இழுபறியில் கிளையைச் சுற்றி நின்ற மீனும் கலைந்து போகும்.

அப்படியானால் நிறம்?

மூன்று போதும். கலங்கல் தண்ணீருக்குக் கருப்பும், சார்ட்ரூஸ் என்று விற்கிற பளீர் மஞ்சள்பச்சையும் சேர்ந்தது. தெளிந்த தண்ணீருக்கு, கிராப்பி தின்னும் ஷேட் என்ற மீனின் குஞ்சைப் போல வெள்ளியும் சாம்பலும் கலந்தது. இரண்டுக்கும் நடுவில் வெள்ளை.

மழைக்குப் பிறகு தண்ணீர் செம்மண்ணாக இருந்தால் நிறத்தைவிடச் சலனம் உதவும். ரோட் ரன்னர் மாதிரி, தலைக்குக் கீழே சின்னத் தகடு சுழலும் ஜிக்கை மெதுவாக, விடாமல் இழுத்து வாருங்கள். அதைத் தக்கைக்குக் கீழே தொங்கவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். இழுக்காமல் தகடு எப்படிச் சுழலும்?

பெரிய இரைக்குப் பெரிய மீன் என்ற நம்பிக்கை

மிசிசிப்பியின் ஈனிட் ஏரியில் 1957ல் பிடிபட்ட 5 பவுண்டு 3 அவுன்ஸ் வெள்ளைக் கிராப்பிதான் அந்த வகையின் உலக சாதனை. அதைக் கேள்விப்பட்டு நான்கு அங்குல இரையோடு வருகிறார்கள். டெக்சஸில் பொதுவாக 10 அங்குலத்துக்குக் குறைந்த கிராப்பியை வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த அளவைத் தொடவே நாள் முழுக்கத் தேட வேண்டிய ஏரிகள் உண்டு. இரண்டு அங்குலத்தில் தொடங்குங்கள். கொத்திவிட்டு விட்டுவிடுகிறது என்றால் ஒன்றரைக்கு இறங்குங்கள்.

குளிர்ந்த தண்ணீரில் ஆடுகிற வால்

தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருக்கும்போது கிராப்பி சோம்பிக் கிடக்கும். சுருள் வால் ஆட வேண்டுமென்றால் இரை நகர்ந்தாக வேண்டும். நகர்கிற இரையின் பின்னால் அது வராது. அப்போது ஊசி வால் பிளாஸ்டிக் அல்லது மராபூ என்கிற மென்மையான பஞ்சு போன்ற இறகு கட்டிய ஜிக். மராபூ அசையாமல் நின்றால்கூட இழைகள் தாமாக விரிந்து சுருங்கும். குளிர்காலத்தில் ஒரே ஒரு இரைதான் கையில் இருக்கலாம் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். முட்டையிடக் கரைக்கு வரும் 60 முதல் 68 டிகிரி காலத்தில் சுருள் வாலுக்கு நல்ல மவுசு.

மூக்கு தூக்கிய ஜிக்

நேர் கீழாக இறக்கும்போது ஜிக் தண்ணீரில் படுத்த நிலையில், நீந்துகிற சிறுமீனைப் போல நிற்க வேண்டும். ஒரு மீனைத் தூக்கியதும், ஜிக் தலையில் நரம்பைக் கட்டும் வளையத்தின் முன்பக்கமாக முடிச்சு நழுவிவிடும். இரை மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாகத் தொங்கும். ஒவ்வொரு மீனுக்கும் பிறகு முடிச்சை வளையத்தின் உச்சிக்கு நகர்த்துங்கள். நல்ல மீன் வந்துகொண்டிருந்து திடீரென்று நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டியது இதை.

எல்லாப் பிளாஸ்டிக்கையும் ஒரே பெட்டியில் கொட்டுவது

கூடாது. சில வகை மற்றதைத் தொட்டாலே உருகி ஒட்டிக்கொள்ளும். வாங்கிய பையிலேயே இருக்கட்டும்.

வாசனை உருண்டைகளை அப்புவது

மீனை ஈர்க்க முள்ளில் குத்துகிற சின்ன உருண்டைகள் இவை. கொத்து மந்தமான நாளில் முள் நுனியில் ஒன்று போதும். முனை மூடிக்கொண்டால் மீன் மாட்டாது.

தக்கை மூழ்கட்டும் என்று காத்திருப்பது

கிராப்பி கீழிருந்து வந்து இரையை வாயில் எடுத்துக்கொண்டு மேலேயே போகும். ஜிக்கின் கனம் நீங்கியதும் நிமிர்ந்து நின்ற தக்கை பக்கவாட்டில் சாயும். அதுதான் கொத்து. தக்கை இல்லாமல் விட்டிருந்தால், இறங்கிக்கொண்டிருக்கும் நரம்பு எண்ணிக்கைக்கு முன்பே தளர்ந்து நிற்கும். அந்த நேரத்தில் ராடைச் சுண்டி இழுக்காதீர்கள். இந்த மீனுக்குக் காகித வாய் என்றே இங்கே பட்டப்பெயர் உண்டு. வாயோரத் தோல் கிழிந்து மீன் விழுந்துவிடும். ராடின் நுனியை நிதானமாக உயர்த்தினாலே முள் ஏறிவிடும்.

ஊர் மாறும்போது ஈயம்

டெக்சஸில் வாங்கிய பெட்டியோடு வடகிழக்குப் பக்கம் போகிறவர்கள் அந்த மாநிலச் சட்டத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். நியூ ஹாம்ப்ஷயரில் 1 அவுன்ஸும் அதற்குக் குறைவுமான ஈய ஜிக்குகளுக்குத் தடை. அவற்றை விழுங்கி லூன் என்ற நீர்ப்பறவைகள் செத்துப்போவதால் கொண்டுவந்த சட்டம். கிராப்பி ஜிக் எல்லாமே அந்த அளவுக்குள் வந்துவிடும். மாற்று டங்ஸ்டன். விலை அதிகம்தான், ஆனால் அதே எடைக்குத் தலை சின்னதாக இருக்கும், அடியில் கல்லோ கிளையோ தட்டினால் கைக்கு நன்றாகத் தெரியும். 1/16ல் கொஞ்சம், 1/32ல் கொஞ்சம் வாங்கிக்கொண்டால் அந்தப் பயணத்துக்குப் போதும்.